பக்கத்தில் கேட்ட குரல்

எனக்கும் அண்ணிக்கும் ஆரம்பத்தில் ஆகவே ஆகாது. நான் ஐஸ் ஃபேக்டரியில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசியே பழகினவள். அவர் துறைமுகத்து ஒயர்லெஸ் அறையில், ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் பேச வேண்டும் என்ற சட்டத்தோடு வாழ்ந்தவர். சரி, அது ஆபீஸ் சட்டம், ஆபீசோடு இருக்கட்டும். அதைக் கொண்டுவந்து எங்கள் சமையலறையிலும் வைத்தால்? அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருப்போம். அண்ணி கரண்டியைத் தூக்கிப் பிடித்து, "ஒருத்தர் முடிங்க, அப்புறம் இன்னொருத்தர்" என்பார். அம்மா முடித்ததும் என் பக்கம் திரும்பி, "இப்ப நீ சொல்லும்மா" என்பார். அதற்குள் சொல்ல வந்ததே எனக்கு மறந்து போயிருக்கும். பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அண்ணன் மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்க மாட்டானா பின்னே? அவன் காதலித்ததே அந்தக் குரலைத்தான். படகில் போகும் மற்ற ஆட்கள் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அண்ணியைக் கூப்பிட்டு, இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். இவன் நடுக்கடலில் காற்றில் நின்றுகொண்டே, "அங்க காத்து எப்படிங்க இருக்கு?" என்று கேட்பான். அவரும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துப் பொறுப்பாகப் பதில் சொல்வார். இந்தக் கூத்தை எல்லாப் படகும் கேட்டுக்கொண்டிருந்தது. கடைசியில் யாரோ ஒரு கிழவர் குறுக்கே புகுந்து, "டேய், காத்தை விட்டுட்டு விஷயத்துக்கு வாடா" என்றாராம். ஊருக்கே தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது.

ஒயர்லெஸ் அறை என்றால் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். மீன் ஏலக் கொட்டகைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஒரு மாடி அறை. ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, சுவரில் கடல் வரைபடம், மேஜை மேல் ஒயர்லெஸ் பெட்டி. ஒரு ஃபேன் உண்டு. பெட்டியில் யாராவது மெதுவாகப் பேசினால் அண்ணி அதை நிறுத்திவிடுவார், அதனால் வருகிறவர்கள் எல்லாம் வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்கள். ஜன்னலைத் திறந்தால் வலது பாதியில் கடல் தெரியும். இடது பாதியில் கடல் தெரியாது, மேடுதான் தெரியும்.

அந்த மேடுதான் எங்கள் துறைமுகத்துக்குப் பிடித்த சனியன். கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற பாறைக் குன்று. படகுகளில் வைத்திருக்கிற ஒயர்லெஸ் அலை நேராகப் போகிற ஜாதி. குறுக்கே மலை நின்றால் சுற்றி வரத் தெரியாது, முட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். மேட்டுக்குப் பின்னால் போன படகு இரண்டு பனை தூரத்தில் அந்தப் பக்கம் இருந்தாலும் அண்ணிக்குக் கேட்காது. உச்சியில் ஒரு கம்பம் நட்டு, குரலை வாங்கி இந்தப் பக்கம் அனுப்புகிற கருவி வையுங்கள் என்று மனு மேல் மனு போட்டுப் பார்த்தார்கள். ஆகட்டும் பார்க்கலாம் என்பதே பதில். ஆண்களுக்கு அதில் ஒரு சௌகரியமும் இருந்தது. "மேட்டுக்குப் பின்னாடி இருந்தேன், அதான் கேக்கல" என்று சொல்லிவிட்டால் எந்த மனைவியும் மறுபேச்சுப் பேச முடியாது. அண்ணனும் சொல்லியிருக்கிறான். அண்ணி நம்பின மாதிரி இருப்பார்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. வெயில் காலத்தில் சில நாள் காற்றே இருக்காது. கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். அதற்குக் கண்ணாடி நாள் என்று பெயர். அன்றைக்குத் தண்ணீரை ஒட்டிக் குளிர்ந்த ஈரக் காற்றும், அதற்கு மேலே கரையிலிருந்து வந்த காய்ந்த சூட்டுக் காற்றும் கலக்காமல் அடுக்காக நிற்கும், பாத்திரத்துக்கு மூடி போட்டது போல. வழக்கமாகக் கொஞ்ச தூரம் போய் வானத்தில் கரைந்துவிடுகிற ஒயர்லெஸ் அலை, அன்றைக்கு அந்த மூடிக்குக் கீழே மாட்டிக்கொண்டு கடல் மேலேயே ஓடும். எங்கோ கடலுக்கு அந்தக் கரையில், வேறு நாட்டில், பெயர் தெரியாத துறைமுகத்தில் பேசுகிறவன் நம் தோளில் கைபோட்டுப் பேசுகிற மாதிரி கேட்கும். புரியாத பாஷையில் ஓயாமல் வளவளவென்று வருவதால், கண்ணாடி நாளில் படகுக்காரர்கள் எரிச்சல் தாங்காமல் சத்தத்தைக் குறைத்து வைத்துவிடுவார்கள். கேட்டால், "யாரோ எவனோ கத்துறதை நாங்க ஏன் கேக்கணும்?" என்பார்கள்.

அப்படி வருகிற குரல்களில் ஒன்றுக்கு அண்ணி பெயரே வைத்திருந்தார். அடுத்த வீட்டுக்காரர். அந்தக் கரையில் அண்ணியைப் போலவே ஒயர்லெஸ் அறையில் உட்கார்ந்திருக்கிற மனிதர். உயரமான கோபுரமும் பலமான கருவியும் வைத்திருக்கிறார் போல, கணீரென்று வருவார். கரகரத்த தொண்டை. வானிலை வாசிப்பதற்கு முன்னால் ஒரு செருமல். அண்ணி அவரோடு பேசினது கிடையாது, எதற்குப் பேசவேண்டும்? ஆனால் அவர் செருமினால், "வந்துட்டார் அடுத்த வீட்டுக்காரர். இன்னைக்குக் கண்ணாடி நாள்" என்பார்.

அன்றும் கண்ணாடி நாள். மதியம் நான் சாப்பாடு எடுத்துக்கொண்டு மாடி ஏறினேன். அண்ணி திரும்பிப் பார்க்கவில்லை. ஃபேன் நின்றிருந்தது. பெட்டியில் அடுத்த வீட்டுக்காரர் பேசிக்கொண்டிருந்தார், ஆனால் வானிலை இல்லை. கடலில் எல்லா நாட்டுக்காரனும் பேசுகிற உடைந்த இங்கிலீஷ்.

"கேப்டன், இன்ஜின் நோ... ஓகே. வாட்டர் இன்சைட்... ஓகே. செவன் மேன். ஓகே, கேப்டன்."

ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் பெட்டி வெறுமனே இரைந்தது. அந்தப் பக்கம் யாரோ அவருக்குப் பதில் சொல்கிறார்கள், அது எங்களுக்குக் கேட்கவில்லை. பிறகு அவர் ஒரு படகின் நம்பரை நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னார். சாப்பாட்டுப் பாத்திரத்தை எங்கே வைத்தேனோ தெரியாது. அண்ணன் ஓட்டிக்கொண்டு போன எங்கள் படகின் நம்பர் அது.

"மேட்டுக்குப் பின்னாடி இருக்கார்" என்றார் அண்ணி. குரல் எப்போதும்போல மெதுவாகத்தான் வந்தது. "அவர் பேசுறது மேட்டைத் தாண்டி நமக்கு வராது. ஆனா அந்தப் பக்கம் திறந்த கடல்தானே. அப்படியே தண்ணி மேல ஓடி இவருக்குப் போகுது. இவர் பேசுறது நமக்கு வருது. மத்த படகெல்லாம் இன்னைக்குச் சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கும்."

கையெட்டும் தூரத்தில் இருக்கிற அண்ணன் சொல்வதைக் கடலுக்கு அந்தக் கரைக்காரன் கேட்கிறான். கட்டின மனைவிக்குக் கேட்கவில்லை. என்ன கொடுமை இது!

"போட் கமிங், கேப்டன்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். "வெரி க்ளியர். யூ நியர். வெயிட். போட் கமிங்."

அண்ணியின் முகம் அப்போதுதான் மாறியது. "ஐயோ, உங்க அண்ணன் தனக்குக் கிட்ட இருக்கார்னு நினைக்கறார். தெளிவா கேக்குதுல்ல, அதனால அவங்க கடல்லதான் இருக்கார்னு நினைக்கறார். அவர் கரையிலிருந்து படகு அனுப்பறார்."

மைக்கை எடுத்து பட்டனை அழுத்தி, உடைந்த இங்கிலீஷில் அவரைக் கூப்பிட்டார். எங்கள் துறைமுகத்துப் பெயர் சொல்லி, அந்தப் படகு எங்கள் பக்கம் இருக்கிறது என்று சொன்னார். கையை எடுத்ததும் பெட்டியில் வந்தது இதுதான்: "கேப்டன், ப்ரோக்கன். அதர் ஸ்டேஷன் டாக்கிங். ரிபீட்." மறுபடி அழுத்தினார். மறுபடி, "ரிபீட், கேப்டன், ரிபீட்." மூன்றாவது முறை அவர் கொஞ்சம் கோபமாகவே, "அதர் ஸ்டேஷன், சைலன்ஸ்! எமர்ஜென்சி!" என்றார்.

அண்ணி பட்டனை விட்டுவிட்டார். மைக்கை மேஜையில் வைத்து, இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

"பேசுங்க அண்ணி!" என்று கத்தினேன். "ஏன் நிறுத்திட்டீங்க? பேசுங்க!"

"நான் பேசினா உங்க அண்ணன் பேச்சு உடையுது. நம்ம செட்டுக்குப் பலம் பத்தாது. நான் சொல்றது அவருக்குப் புரியவும் புரியாது, அண்ணன் சொல்றதையும் கெடுத்துருது. அண்ணன் ஒவ்வொண்ணையும் திருப்பிச் சொல்லணும். இன்ஜின் நின்னா பேட்டரி எவ்வளவு நேரம் வரும்? நான் ஒரு தடவை பேசினா அண்ணன் பேட்டரி கொஞ்சம் தீருது."

ஒரு நேரத்தில் ஒரு ஆள். அவர் சட்டம் எனக்கு அவ்வளவு வெறுப்பாக எந்த நாளும் இருந்ததில்லை.

கீழே ஓடி துறைமுக ஆபீசரை இழுத்து வந்தேன். கெட்ட மனிதர் இல்லை, பாவம். அவரும் காதை வைத்துக் கேட்டார். "இவ்வளவு தெளிவா வருதேம்மா. அடுத்த துறைமுகமா இருக்கும். அவங்க லாஞ்ச் அனுப்பிட்டாங்கன்னு அவரே சொல்றாரே."

"இல்ல சார். அவர் கடலுக்கு அந்தப் பக்கம். கண்ணாடி நாள்ல மட்டும்தான் வருவார்."

"நிச்சயமா தெரியுமா? எந்த ஊர்னு சொல்லுங்க, மேலிடத்துக்கு போன் போட்டுக் கேக்கச் சொல்றேன்."

அண்ணிக்கு ஊர் தெரியாது. இத்தனை வருஷமாகக் கேட்கிற குரல், ஊர் தெரியாது. "செருமுவார் சார்" என்றார். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். ஆபீசர் அதற்கும் சிரிக்காமல், கீழே போய் யார் யாருக்கோ போன் செய்தார். எல்லோரும் விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஆபத்துக்குப் போகிற எங்கள் துறைமுகத்து லாஞ்ச்? அது பட்டறையில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிப் போட்டுக் கிடந்தது. கேட்கணுமா!

நான் படகுத் துறைக்கு ஓடினேன். கரையில் இருந்தவர்கள் என்னை அறிவார்கள், என் தொண்டையையும் அறிவார்கள். இரண்டு படகுகள் உடனே கிளம்பின. ஆனால் எங்கே போவது? மேட்டுக்குப் பின்னால் என்பது ஒரு விலாசமா? மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கிற கடல் எவ்வளவு பெரியது! மேட்டைச் சுற்றிப் போகவே வெகுநேரம் பிடிக்கும், சுற்றிய பிறகு அவர்கள் குரலும் அண்ணிக்குக் கேட்காது. தேடப் போனவர்களையும் மேடு விழுங்கிக்கொண்டது.

மாடிக்குத் திரும்பி வந்து அந்த இன்னொரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் எங்களால் செய்ய முடிந்தது கேட்பது மட்டும்தான்.

அந்த மனிதரைக் குறை சொல்லவும் முடியாது. அவ்வளவு அக்கறை. "வெயிட், கேப்டன்." "மை போட் லுக்கிங், கேப்டன்." "யூ சீ ஹில்? ஓகே. ஹியர் ஆல்சோ ஹில்." அங்கேயும் ஒரு குன்று இருந்து தொலைத்திருக்கிறது. நடுநடுவே தன் பாஷையில் தன் படகோடு பேசினார். அந்தப் படகு ஒன்றையும் காணவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். பிறகு, "ஸ்மோக், கேப்டன். மேக் ஸ்மோக்" என்றார். அங்கே எங்கோ ஒரு படகு, எங்கள் அண்ணன் போடுகிற புகையை அவர்கள் வானத்தில் தேடிக்கொண்டிருந்தது. அண்ணி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையை ஆட்டினார், அவருக்கே சொல்லப்படுவது மாதிரி. எனக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்கவேண்டும் போலவும் இருந்தது, அவர் பேச்சை நிறுத்திவிடக் கூடாதே என்றும் இருந்தது.

வெயில் தாழ ஆரம்பித்தபோது அவர் கேட்பது மட்டுமே வந்தது. "கேப்டன்? கேப்டன், யூ ஹியர் மீ?" இரைச்சல். "கேப்டன்?"

அப்போது என் கழுத்தில் சில்லென்று பட்டது. காற்று. நாளெல்லாம் புழுங்கிச் செத்தவர்கள் கீழே ஏலக் கொட்டகையில், "அப்பாடா" என்றார்கள். அண்ணி எழுந்து ஓடிப்போய் ஜன்னலைச் சாத்தினார். காற்று வந்தால் மூடி கலைந்துவிடும், குரல் போய்விடும் என்று தெரிந்த மனுஷி, ஜன்னலைச் சாத்தினால் காற்றைத் தடுத்துவிடலாம் என்று நினைத்தாரோ என்னவோ. "கேப்..." என்பதோடு அடுத்த வீட்டுக்காரர் நின்றுபோனார்.

இருட்டுவதற்குள் இரண்டு படகும் திரும்பின. ஐந்து பேரைக் கொண்டுவந்தார்கள். எங்கள் அண்ணனும் இன்ஜின்காரரும் இல்லை. பிறகும் கிடைக்கவே இல்லை.

பிழைத்து வந்தவர்களில் படகுச் சமையல்காரர் ஒருவர்தான் எங்கள் வீட்டுக்கு வந்து, நடந்ததை உட்கார்ந்து சொன்னார். அண்ணன் பழைய வலையில் டீசலை ஊற்றி எரித்திருக்கிறான். புகை மேலே போகாமல், எதிலோ முட்டிக்கொண்டது மாதிரி பாயாக விரிந்து கிடந்ததாம். எங்கள் படகுகள் தூரத்தில் அந்தக் கறுப்பைப் பார்த்துத்தான் வழி பிடித்தன. அவை வருவதற்குள் படகு மூழ்கிவிட்டது. மீன் பெட்டி மூடிகளைப் பிடித்துக்கொண்டு மிதந்தவர்களைத்தான் எடுக்க முடிந்தது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அவர். "மேடு கண்ணு முன்னாடி தெரிஞ்சுது. முதல்ல நீரோட்டம் கரைப் பக்கம்தான் இழுத்துச்சு. அப்பவே மூடியைப் புடிச்சுக்கிட்டு எறங்கியிருந்தா ஏழு பேரும் கரை சேர்ந்திருப்போம். நான் சொன்னேன். அண்ணன்தான் வேணாம்னார். குரல் இவ்வளவு கிட்டக் கேக்குதே, இதோ வந்துருவாங்க, ஏன்டா தண்ணியில எறங்கறன்னார். எங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பக்கத்து அறையில இருந்து பேசற மாதிரி இருந்துச்சுக்கா. எறங்கும்போது நீரோட்டம் திரும்பிருச்சு."

அண்ணி, "நடுவுல அந்த ஆள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னாரே, அப்ப இவர் ஏதாவது சொன்னாரா?" என்றார்.

"ஆமாக்கா. வேற ஸ்டேஷன் குறுக்க பேசுதுன்னு அந்த ஆள் சொன்னாரில்ல? அண்ணனுக்குக் கோவம் வந்துருச்சு. எந்த முட்டாப் பயடா அது, ஒருத்தர் பேசும்போது நடுவுல பூந்து பேசறான்னு திட்டினார்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்படியே அது அழுகையாக மாறியது. அவர் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. நான் போய் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். நாத்தனாராவது அண்ணியாவது, அதற்கப்புறம் எங்களுக்குள் சண்டையே வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வேலையை விட்டுவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். விடவில்லை. "நான் போயிட்டா கேக்கறதுக்கு யார் இருக்கா?" என்றார். மேட்டு உச்சியில் கம்பமும் வந்தது, விழா வைத்துத் திறந்து, மைக் வைத்து ஆளுக்கு ஒரு மணி நேரம் பேசினார்கள். அட போங்கப்பா! அண்ணி அந்த விழாவுக்குப் போகவில்லை. இப்போது மேட்டுக்குப் பின்னால் இருக்கிற படகுகள் எல்லாம் பேசுகின்றன. ஆண்களுக்கு ஒளிய இடமில்லை.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு மதியம், சாப்பாட்டைக் கொண்டுபோய் மேஜையில் வைத்தேன். கடல் கண்ணாடியாகக் கிடந்தது. பெட்டியில் ஒரு செருமல் கேட்டது.

அண்ணி வாய்க்குக் கொண்டுபோன கையை இறக்கினார். அந்த மனிதர் தன் பாஷையில் வானிலை வாசித்தார், அதே கரகரப்பு. வாசித்து முடித்துவிட்டு அமைதியானார். அன்றைக்கு அந்த அலைவரிசையில் வேறு ஒருவரும் இல்லை.

என்ன வந்ததோ எனக்கு, மைக்கைப் பிடுங்கிவிட்டேன். பட்டனை அழுத்தி, என் வாயில் வந்ததையெல்லாம் எங்கள் பாஷையில் கத்தினேன். "பாவி! கிட்ட இருக்குன்னு எங்க அண்ணன்கிட்ட ஏன்டா சொன்ன? வரேன் வரேன்னு ஏன்டா உட்கார வெச்ச? சும்மா இருந்திருந்தா எறங்கி நீந்தியிருப்பானே! எங்கடா இருக்க நீ? யாருடா நீ?" பேச்சை முந்திக்கொண்டு அழுகை வந்தபோதுதான் பட்டனை விட்டேன்.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவர் குரல், பதறிக்கொண்டு, என் காதுக்குள்ளேயே வந்தது.

"லேடி! லேடி, டோன்ட் க்ரை. ஐ ஹியர் யூ. வெரி க்ளியர். யூ நியர். வேர் ஆர் யூ? ஐ செண்ட் போட்."

அண்ணி மைக்கை வாங்கினார். நிதானமாகச் சொன்னார்: "நோ எமர்ஜென்சி. நோ போட். வி ஆர் ஃபார். வெரி ஃபார். தேங்க் யூ."

"நோ, நோ, லேடி. யூ நியர். வெயிட். போட் கமிங்."

"ஃபார்" என்றார் அண்ணி மறுபடியும். "ஃபார், ஃபார்."

அவர் நம்பவில்லை. தன் பாஷையில் தன் படகை அவசரமாகக் கூப்பிடுவது கேட்டது. என் அழுகையைத்தான் சொல்லியிருப்பார். அண்ணி இன்னும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டு மைக்கை வைத்தார். சாப்பாடு அப்படியே இருந்தது. சாயங்காலம் காற்று வரும்வரை அவர் எங்களைத் தேடிக்கொண்டே இருந்தார்.